டிரைவர் காப்பி

என் மகளுடைய நோட்டை விளக்கில்லாமலே படிக்கலாம். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினால் போதும், ஒவ்வொரு எழுத்தும் புடைத்துக்கொண்டு நிற்கும். அடுத்த பக்கத்திலும், அதற்கடுத்த பக்கத்திலும்கூட அதே எழுத்துகள் மையில்லாமல் பதிந்திருக்கும். ரீஃபில் பேனாவை அவள் அப்படி ஊன்றி எழுதுவாள். சில இடங்களில் தாள் கிழிந்தே போயிருக்கும். இதையெல்லாம் நின்று பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் நோட்டில் மிஸ் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பேன். எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு உலை வைக்கப் போய்விடுவேன்.

ஐந்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பு மிஸ் என்னை வரச்சொல்லி அனுப்பினார். முதலாளியிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன். ஏதோ அவர் வீட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகிற மாதிரி பார்த்தார். சரி, சீக்கிரம் வா என்றார்.

மிஸ் சின்னப் பெண்தான். எனக்குத் தங்கை மாதிரி இருப்பார். விடைத்தாள்களை மேசைமேல் பரப்பி வைத்திருந்தார்.

"கேள்வி கேட்டா வாயால எல்லாத்தையும் சொல்லுதும்மா. எழுதச் சொன்னாதான் பாதி பேப்பரோட நின்னுடுது. கை வலிக்குது மிஸ்னு ஒக்காந்துடுது."

ஒவ்வொரு தாளும் ஒரே மாதிரி இருந்தது. முதல் பக்கம் நன்றாக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் எழுத்து சாய்கிறது. மூன்றாவதில் நாலு வரி. அதற்கப்புறம் வெறும் தாள். அறிவியல் தாளில் கடைசியாக எழுதிய எழுத்தின்மேல் பேனா குத்தி ஓட்டை விழுந்திருந்தது.

"முழுப் பரீட்சைலயும் இப்பிடியே இருந்தா, இன்னொரு வருஷம் அஞ்சாவதுலயே ஒக்காரட்டும்னு பெரிய மிஸ் சொல்றாங்க. எனக்கே மனசு கேக்கல. ஒண்ணு செய்ங்க. இங்க் பேனா வாங்கிக் குடுத்துப் பழக்குங்க. அதை அமுக்கினா எழுதாது. கை தானா அடங்கும்."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பழக்குங்களாம். காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, இவளைக் கிளப்பி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு செஞ்சி வந்து, நாள் முழுக்க ஆபீசில் நின்று, திரும்பவும் பஸ் பிடித்துப் போகிறவளிடம் இன்னொரு வேலையைக் கொடுக்கிறார்கள். இவளுடைய அப்பா ஒரகடம் பக்கம் கம்பெனியில் இருக்கிறார். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வருவார், வந்தால் தூங்குவார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஆக எல்லாம் என் தலையில்தான்.

வெளியே கேட் பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். பையை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி கூட நடந்தாள். சாலை பிரிகிற கூட்ரோடு வந்ததும் கேட்டாள்.

"யம்மா, நான் மக்கா?"

"யாரு சொன்னா உன்ன?"

"யாரும் சொல்லல. எல்லாரும் ஆறாவது போயிடுவாங்களாம். நான் மட்டும் சின்னப் பசங்ககூட ஒக்காருவனாம்."

நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நட, ஆபீஸுக்கு நேரமாவுது" என்று கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்தேன்.

பஜாரில் ஸ்டேஷனரி கடைக்காரர் இங்க் பேனா என்றதும் ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டில் தேடினார். "யாருக்குமா, கெஜட் ஆபீசருக்கா?" என்று கிண்டல் வேறு. தூசி தட்டி ஒரு பெட்டியை எடுத்தார். பச்சை உடம்பு, பித்தளை நிற நிப்பு. கூடவே ஒரு நீல மை பாட்டில், மை ஊற்றுவதற்கு ஒரு ஃபில்லர். மகள் அந்தப் பேனாவை வாங்கி மூடியைத் திருகித் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வீடு போகிறவரை அதே வேலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய பேப்பரைத் தரையில் விரித்து உட்கார்ந்தோம். காற்றே புகாத வீடு. மின்விசிறி போட்டால் பேப்பர் பறக்கிறது, நிறுத்தினால் வேர்த்து ஊற்றுகிறது. மையை ஃபில்லரால் உறிஞ்சி பேனாவுக்குள் விடுவதற்குள் இரண்டு பேருடைய விரலும் நீலமாகிவிட்டது. தலையில் துடைத்துக்கொள்ளப் போனவளின் கையைத் தட்டிவிட்டேன்.

"மொதல்ல நான் எழுதிக் காட்டறன். நல்லா பாத்துக்கோ. பூ மாதிரி புடிக்கணும். அமுக்கவே கூடாது. புரியுதா?"

"ம்."

பேனாவைத் தாளில் வைத்து 'அ' என்று ஆரம்பித்தேன். கிரீச் என்று ஒரு சத்தம். சுழி முடிவதற்குள் நிப்பு இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு நின்றது. நடுவிலிருந்து மை கொட்டி என் எழுத்தை முழுங்கிவிட்டது. புத்தம் புதுப் பேனா. இன்னும் அவள் ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

மகள் பேனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"யம்மா, நீயும் என்னாட்டமே அமுக்குற."

அதை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அவளாட்டம் அமுக்கவில்லை. அவள்தான் என்னாட்டம் அமுக்குகிறாள்.

நான் வேலை செய்வது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பார்சல் ஆபீசில். ஜவுளிக் கட்டு, மோட்டார், சைக்கிள் டயர், விதை மூட்டை, கல்யாணப் பாத்திரம், எது வந்தாலும் எடை போட்டுப் பில் எழுதி லாரியில் ஏற்ற வேண்டும். நடுநடுவே கோட்டை பார்க்க வந்தவர்கள் காரை நிறுத்தி வழி கேட்பார்கள், அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார்கள். அதன்மேல் ஒரு துண்டு போட்டு மூடி, துண்டின்மேல் சாமி படம் வைத்திருக்கிறார் முதலாளி. அதனால் பில் இன்றைக்கும் கையால்தான். வெள்ளைத் தாள் அனுப்புகிறவருக்கு, ரோஸ் வாங்குகிறவருக்கு, மஞ்சள் ஆபீசுக்கு, கடைசியில் இருக்கும் பச்சை டிரைவருக்கு. நடுவில் எல்லாம் கார்பன் வைத்து ஒரே முறை எழுத வேண்டும். மேல் தாளில் எப்படி விழுகிறது என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. டிரைவர் காப்பியில் விழ வேண்டும். டிரைவருக்குத் தெரியவில்லை என்றால் திண்டிவனத்தில் இறங்க வேண்டிய மோட்டார் திருவண்ணாமலையில் போய் இறங்கும். அப்படி ஒரு முறை இறங்கியும் இருக்கிறது. அன்றைக்கு நான் வாங்கிய பேச்சை இந்தப் பிறவியில் மறக்க மாட்டேன்.

இத்தனை வருஷம் இப்படி எழுதி எழுதி நடுவிரலில் கொட்டைப் பாக்கு மாதிரி ஒரு காய்ப்பு இருக்கிறது. சாயங்காலம் ஆனால் மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கும்.

மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஆபீசுக்குத்தான் வருவாள். நான் கிளம்புகிறவரை மூட்டைமேல் உட்கார்ந்திருப்பாள். இரண்டாம் வகுப்பிலிருந்து இதுதான். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து "நான் எழுதறன், நான் எழுதறன்" என்று பில் புத்தகத்துக்குக் கை நீட்டுவாள். எனக்கும் கை ஓய்ந்துபோயிருக்கும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். வந்தவர்கள் "தோடா, சின்ன கிளார்க்கு!" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். முதலாளிகூட ஒன்றும் சொல்ல மாட்டார். நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பேன்: "அமுக்கு பாப்பா. நல்லா அமுக்கு. அடியில விழணும்."

விழுந்தது. நன்றாகவே விழுந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததில் எது மறந்துபோனாலும், அவள் அம்மா சொன்னதை மறக்காமல் விடைத்தாள் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறாள். யாரும் கேட்காத டிரைவர் காப்பியைப் பரீட்சை ஹாலில் எழுதி எழுதித்தான் பிள்ளைக்குக் கை செத்துப்போயிருக்கிறது. எனக்கு அழுகைகூட வரவில்லை. உடம்பெல்லாம் அப்படி ஓர் அலுப்பு வந்தது. விரித்த பேப்பர்மேலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் இன்னொரு பேனா வாங்கப் போனபோது கடைக்காரர், "அதுக்குள்ளயா?" என்றார். "ஆமா, ஆபீசர் ஒடச்சிட்டாரு" என்றேன்.

எழுதிக் காட்டுவது என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. அதனால் வெறும் வாயால்தான் பழக்கினேன். மெதுவா, மெதுவா. கையை விடு. இன்னும் விடு. அவள் கையை விட்டால் பேனாவே நழுவி விழுந்தது. பிடித்தால் அமுக்கினாள். இரண்டுக்கும் நடுவே ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. நான் மெதுவா என்கிறேன், மெதுவாகத்தானே எழுதுகிறேன் என்று அவள் அழுகிறாள். எவ்வளவு அமுக்குகிறாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே இத்தனை வருஷமாகத் தெரியவில்லை.

ஆபீசில் ஒரு நாள் பில் புத்தகத்துக்குப் புதுக் கார்பன் மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தோன்றியது. ஒரு கார்பனை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அவள் எழுதுகிற தாளுக்கு அடியில் அதை வைத்து, அதற்கும் அடியில் ஒரு வெள்ளைத் தாள் வைத்தேன்.

"தோ பாரு. மேல எழுது. அடியில ஒண்ணும் விழக்கூடாது. விழுந்தா நீ தோத்த. விழலைனா நீ ஜெயிச்ச."

அவள் கார்பனையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஆபீஸ்ல விழணும்ன. இப்ப விழக்கூடாதுன்ற. இன்னாதான் பண்றது நானு?"

"அது வேற, இது வேற. எழுது."

முதல் நாள் அடித்தாளில் அவள் எழுதிய முழுப் பாடமும் ஒரு எழுத்து விடாமல் விழுந்திருந்தது. திருவண்ணாமலை டிரைவர்கூட படிக்கலாம். அவளே தாளைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் இப்போது அவளுக்குத் தெரிந்தது. நான் சொல்லத் தேவையில்லை, தாளே சொன்னது. அன்றிலிருந்து பில் எழுத அவளைக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டேன். கை வலித்தால் வலிக்கட்டும் என்று நானே எழுதினேன்.

அதற்கப்புறம் ஏதோ ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். போதும் போதும் என்றாகிவிட்டது. தலையணை உறையில் மை. ஸ்கூல் சட்டைப் பாக்கெட்டில் மை. தயிர்ச் சோற்று டப்பாவில் மை, அது எப்படிப் போனது என்று இன்றைக்கும் தெரியாது. சோப்பு போட்டுத் தேய்த்தால் நீலம் இன்னும் பரவுகிறது. அப்பாக்காரரிடம் போனில் சொன்னால், "இன்னாத்துக்குடி இந்த வேண்டாத வேல? உனுக்கே ஒடம்பு முடியல" என்கிறார். பாசமாகத்தான் சொல்கிறார். ஆனால் பெண் அஞ்சாவதிலேயே உட்கார்ந்தால் அந்த முகத்தைத் தினமும் பார்க்கப் போகிறவள் நான்தான்.

ஒரு நாள் பஸ் வராமல் நின்று நின்று இருட்டி வீடு சேர்ந்தோம். கரண்ட் இல்லை. வாசற்படியில் மெழுகுவர்த்தி ஏற்றி எழுதுகிறேன் என்று உட்கார்ந்தவள் பாட்டிலைக் காலால் தட்டிவிட்டாள். மை அத்தனையும் தரையில் ஓடி, துவைத்து மடித்து வைத்திருந்த யூனிஃபார்மில் போய் நின்றது. எனக்கு வந்ததே கோபம்.

"தூக்கிப் போடு அந்த சனியன் புடிச்ச பேனாவ! நீ எழுதியும் வாணாம், ஆறாவது போயும் வாணாம். என் உசுர வாங்கறதுக்குன்னே வந்து பொறந்திருக்க!"

தொண்டைத் தண்ணீர் வற்றும்வரை கத்தினேன். அவள் பழைய பாவாடையை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். யூனிஃபார்மைப் பக்கெட்டில் ஊறவைத்தாள். பிறகு பேனாவில் மிச்சமிருந்த மையோடு, கார்பனை அடியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். நான் சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளையா மக்கு என்பார்கள் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஆனால் கத்திய வாயால் உடனே எப்படிச் சொல்வது?

கொஞ்சம் கொஞ்சமாக அடித்தாளில் எழுத்து குறைந்தது. முதலில் கொம்புகள் போயின. பிறகு கால்கள் போயின. சில நாள் புள்ளிகள் மட்டும் விழும், புள்ளி வைக்கும்போது மட்டும் இடிப்பாள். ஒரு நாள் அவள் குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் நானும் ரகசியமாக எழுதிப் பார்த்தேன். எத்தனை மெதுவாக எழுதினாலும் அடியில் நீலமாக விழுந்தது. திரும்பி வந்தவள் தாளைத் தூக்கிப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள்.

"தோத்துட்ட, தோத்துட்ட! எம்மாம் பெருசா வுழுந்திருக்குது பாரு!"

"நான் தோத்தா பரவால்ல. போய் எழுதற வேலையப் பாரு."

முழுப் பரீட்சை வந்தது. கல்யாண முகூர்த்தம் எல்லாம் அந்த மாதத்தில்தான் வந்து விழும். ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை. ஒவ்வொரு பரீட்சை முடிந்தும் மத்தியானம் வந்து மூட்டைமேல் உட்காருவாள். "எழுதினியா?" என்றால், "எல்லாத்தயும் எழுதிட்டம்மா" என்பாள். கடைசிப் பரீட்சையன்றும் அதையே சொன்னாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அரையாண்டிலும் இதே பதிலைத்தான் சொன்னாள். பயந்த பிள்ளை வேறு என்ன சொல்லும்? ரிசல்ட் வரும்போது தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வாசலில் லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பாத்திரக் கட்டு ஒன்று கடைசி நேரத்தில் வந்திருக்கிறது. நான் போனில். புதுச்சேரிக்குப் போக வேண்டிய மூட்டை வரவில்லை என்று ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார், வைக்கவும் முடியவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"பாப்பா சும்மாதான ஒக்காந்திருக்குது. தோ, எழுது வா" என்று பில் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். நான் வேண்டாம் என்று கை காட்டியதை அவர் கவனிக்கவில்லை.

அவள் உற்சாகமாக இறங்கி வந்தாள். கயிற்றில் கட்டித் தொங்கும் ஆபீஸ் ரீஃபில் பேனாவை எடுத்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள், முன்னைவிட இரண்டு மடங்கு வேகம். முதலாளி ஒவ்வொரு தாளாகக் கிழித்து, கடைசிப் பச்சையை டிரைவரிடம் நீட்டினார்.

டிரைவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"இன்னாங்க, வெறும் தாளக் குடுக்கறீங்க?"

முதலாளி வாங்கிப் பார்த்தார். வெள்ளைத் தாளில் எழுத்து அச்சு மாதிரி இருந்தது. ரோஸில் மங்கலாக இருந்தது. மஞ்சளில் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பச்சையில் ஒன்றுமே இல்லை.

மகளுடைய முகம் செத்துப்போயிற்று. "எழுதனன் அங்கிள். நெஜமா எழுதனன்." அவசரமாகப் பேனாவை முஷ்டியில் பிடித்துக்கொண்டு, அழுத்துவதற்காகத் தோளை இறக்கினாள்.

போனில் இருந்தவர் பேசிக்கொண்டே இருந்தார். அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்து அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினேன்.

"அமுக்காத."

"தோத்துட்டனாம்மா?" என்றாள் மெதுவாக.

முதலாளி கையிலிருந்த பச்சைத் தாளை வாங்கினேன். திருப்பிப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. எங்கேயும் எதுவும் இடறவில்லை. அப்போதுதான் நம்பினேன், இவள் எல்லாப் பரீட்சையும் எழுதி முடித்திருக்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

முதலாளி கோபமாக இருந்தார். "நல்லாதானமா எழுதிட்டிருந்துது, இப்ப இன்னா வந்துது இந்தப் பொண்ணுக்கு? லாரி நிக்குது பாரு. இந்தக் கை நம்ம வேலைக்கு ஆவாது, சொல்லிட்டன்."

புதுத் தாளுக்குக் கார்பன் வைத்து, எப்போதும்போல ஊன்றி எழுத ஆரம்பித்தேன். மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது.

"ஆவாதுங்க" என்றேன். "இந்தக் கை இதுக்கு ஆவவே ஆவாது."